டெஸ்ட் ஓடியதா, ஓடவே இல்லையா?

விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டரைத் திறந்தால் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சில சின்னங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று, பள்ளி வேதியியல் கூடத்தில் பார்த்த கூம்புக் குடுவை. அதைச் சொடுக்கினால் ஒரு பலகம் விரியும். நிரலாளர் எழுதிவைத்த தானியங்கிச் சோதனைகள், அவர்கள் வாய்ச்சொல்லில் டெஸ்ட்டுகள், அங்கே கோப்புவாரியாக வரிசைகட்டி நிற்க வேண்டும். தேறியவற்றுக்குப் பச்சை டிக், தோற்றவற்றுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. சில நாள் இரண்டுமே வராது. நேற்று மாலை வரை ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்த பலகம் இன்று காலையில் காலியாகக் கிடக்கும். இல்லையென்றால் ஒரு சின்ன வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றி ஓய்ந்துபோகும்.

டெஸ்ட் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே எழுதப்படும் இன்னொரு சின்ன நிரல், அவ்வளவுதான். ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணித் தரும் நிரலை ஒருவர் பைதான் மொழியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தமிழ்' என்று கொடுத்தால் மூன்று என்று விடை வர வேண்டும். ஆனால் பைதானிடம் நேரடியாக நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். யூனிகோடில் த, ம, இகரத்தின் கொக்கி, ழ, அதன் மேல் புள்ளி என ஐந்து தனித்தனிக் குறியீடுகளாகத்தான் அந்தச் சொல் சேமிக்கப்படுகிறது. ஆகவே நிரலாளர் கொக்கியையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி எழுதுகிறார். கூடவே ஒரு டெஸ்ட்டும் எழுதிவைக்கிறார்: 'தமிழ்' கொடு, மூன்று வருகிறதா பார், 'கோவை' கொடு, இரண்டு வருகிறதா பார். நாளைக்கு யாராவது அந்த நிரலில் கைவைத்துக் கெடுத்துவிட்டால் டெஸ்ட் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நடுத்தரமான ஒரு மென்பொருளில் இப்படி நூற்றுக்கணக்கில் டெஸ்ட்டுகள் இருப்பது சாதாரணம்.

சிவப்பு வந்தால் கவலையில்லை. எங்கே தப்பு என்று அதுவே சொல்லிவிடும். பச்சை வந்தால் டீ குடிக்கப் போகலாம். ஒன்றுமே வராதபோதுதான் தலைவலி. பிளஸ் டூ முடிவு வந்த அன்று பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு பிள்ளையின் எண் மட்டும் இல்லையென்றால், அது தோல்வி என்று அர்த்தமா? பிள்ளை பரீட்சைக்கே போகாமல் இருந்திருக்கலாம். விடைத்தாள் வழியில் தொலைந்திருக்கலாம். எல்லாம் ஒழுங்காக முடிந்து, தாளை ஒட்டியவர் ஒரு பக்கத்தை விட்டிருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு ஆட்களைப் போய்ப் பார்க்க வேண்டும். எடிட்டரின் காலிப் பலகமும் அப்படித்தான் பிரிகிறது: டெஸ்ட்டைக் கண்டுபிடிக்கவே இல்லையா, கண்டுபிடித்தும் ஓட்ட முடியவில்லையா, ஓட்டியும் முடிவு வந்து சேரவில்லையா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பெரும்பாலானோர் முதல் வேலையாக எக்ஸ்டென்ஷனை, அதாவது எடிட்டரோடு சேர்த்து நிறுவும் துணை நிரலை, நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதில் அரை மணி நேரம் போகும், கோளாறு போகாது.

பச்சையும் சிவப்புமாக டெஸ்ட் முடிவைப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு விமானப் பயணத்தில் பெரும்பங்கு உண்டு. 1997இல் சூரிக்கிலிருந்து அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த ஊப்ஸ்லா என்ற மாநாட்டுக்குப் போகும் வழியில், கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் விமானத்தில் அருகருகே உட்கார்ந்தபடியே ஜாவா மொழிக்கு ஒரு டெஸ்ட் கருவியை எழுதினார்கள். அதுதான் ஜேயூனிட். பெக் அதற்கு முன்பே ஸ்மால்டாக் மொழிக்கு இப்படி ஒன்று செய்து வைத்திருந்தார். ஜேயூனிட்டின் சாளரத்தில் ஒரு நீளப் பட்டை உண்டு: எல்லாம் தேறினால் பச்சை, ஒன்றே ஒன்று தவறினாலும் முழுப் பட்டையும் சிவப்பு. அந்தப் பட்டை நிரலாளர்களுக்குப் பிடித்துப்போனது. மொழிக்கு மொழி அதன் வாரிசுகள் முளைத்தன.

எரிக் காமாவின் கதை அங்கே முடியவில்லை. எக்லிப்ஸ் என்ற புகழ்பெற்ற ஜாவா எடிட்டரை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஜேயூனிட் பட்டை எக்லிப்ஸுக்குள்ளேயே குடியேறியது. 2011இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்த அவர், சூரிக்கில் இருந்தபடியே வி.எஸ். கோட் உருவான குழுவுக்குத் தலைமை வகித்தார். அந்த எடிட்டர் 2015 ஏப்ரலில் வெளியுலகுக்கு வந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2024இல் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்ன நிரலாளர்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஜேயூனிட்டைப் பெற்றவரின் எடிட்டர் என்பதால் டெஸ்ட் வசதி முதல் நாளிலிருந்தே கச்சிதமாக இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. டெஸ்ட்டுகளுக்கென்று எடிட்டருக்கே சொந்தமான பொது ஏற்பாடு முழுமையடைந்தது 2021 ஜூலைப் பதிப்பான 1.59இல்தான். அதுவரை எக்ஸ்டென்ஷன் எழுதியவர்கள் அவரவர் விருப்பம்போல் பலகம் வரைந்துகொண்டிருந்தார்கள். வலையில் கிடைக்கும் பழைய ஆலோசனைகள் பாதி இன்று பலிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2019இல் ஒருவர் சொன்ன பொத்தான் இப்போது அங்கே இல்லை.

இன்றைய ஏற்பாட்டிலும் எடிட்டருக்குப் பைதானும் தெரியாது, ஜாவாவும் தெரியாது. குடுவைச் சின்னமும் காலிப் பலகமும் மட்டும்தான் அதன் பொறுப்பு. எந்தக் கோப்பில் எந்த டெஸ்ட் இருக்கிறது என்று கண்டறிந்து சொல்ல வேண்டியது அந்தந்த மொழிக்கான எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷனும் தானாகக் கண்டறிவதில்லை. கணினியில் இருக்கும் பைதானைக் கூப்பிடுகிறது. அந்தப் பைதான், பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியைக் கூப்பிடுகிறது. பைடெஸ்ட் கோப்புகளைத் துழாவிப் பட்டியல் தயாரிக்கிறது. பட்டியல் எக்ஸ்டென்ஷனுக்கு வந்து, அங்கிருந்து பலகத்துக்குப் போகிறது. ஓட்டும்போதும் இதே கைமாற்றுதான், முடிவுகளோடு. ஒரு பச்சை டிக் கண்ணில் படுவதற்குள் குறைந்தது நான்கு மென்பொருள்கள் ஒன்றையொன்று சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவற்றை எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு வெளியீட்டுத் தேதிகள்.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் பலகத்தை விட்டுவிட்டு டெர்மினலுக்குப் போவார்கள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, எடிட்டரின் தயவில்லாமல் டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே முடிவு வந்தால், டெஸ்ட் நன்றாகவே இருக்கிறது, காட்டுகிற வழியில்தான் கோளாறு. அங்கேயும் வரவில்லையென்றால் எடிட்டர்மேல் பழி போட்டுப் பயனில்லை. ஒரே கட்டளையில் பாதிப் பிரச்சினை ஒதுங்கிவிடும். இவ்வளவு எளிதான காரியத்தை எல்லாரும் கடைசியில் செய்வதுதான் வேடிக்கை.

டெர்மினலிலும் ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் பெயர்தான் குற்றவாளி. டெஸ்ட் கருவிகள் நிரலைப் படித்துப் பொருள் புரிந்துகொண்டு டெஸ்ட்டுகளைக் கண்டுபிடிப்பதில்லை. பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கின்றன. பைடெஸ்ட்டுக்குக் கோப்பின் பெயர் 'டெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் அடிக்கோடுமாகத் தொடங்க வேண்டும், அல்லது அடிக்கோடும் 'டெஸ்ட்'டுமாக முடிய வேண்டும். உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் பெயரும் 'டெஸ்ட்' என்றே தொடங்க வேண்டும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பன்மைக்குரிய ஓர் 'எஸ்' கூடிவிட்டால் போதும். அந்தக் கோப்பு இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளாது. பைதான் 3 வந்த 2008இலிருந்து செயற்கூறுகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் பெயரின் முன்னால் ஆங்கில 'டெஸ்ட்' ஒட்டியிருக்க வேண்டும், அல்லது பைடெஸ்ட்டின் அமைப்புக் கோப்பில் விதியை மாற்ற வேண்டும். கூகுளில் பிறந்த கோ மொழி இன்னும் கறார். அங்கே 'டெஸ்ட்' என்பதற்கு அடுத்து வரும் ஆங்கில எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் தொடங்கினால் அதை டெஸ்ட் என்றே மதிக்காது. ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட் என்ற கருவி, கோப்புப் பெயரின் நடுவில் புள்ளியோடு 'டெஸ்ட்' அல்லது 'ஸ்பெக்' இருக்கிறதா என்று பார்க்கும்.

பெயர் விவகாரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. அதில் விழுந்தவர்கள் பல நாள் அறியாமலே இருப்பார்கள். மேலே சொன்ன எழுத்தெண்ணும் நிரலுக்கு ஒருவர் 'தமிழ்' என்ற சொல்லை வைத்து ஒரு டெஸ்ட் எழுதுகிறார். பிறகு அதை அப்படியே நகலெடுத்து ஒட்டி, உள்ளே சொல்லை மட்டும் 'கோவை' என்று மாற்றுகிறார்; செயற்கூறின் பெயரை மாற்ற மறந்துவிடுகிறார். ஒரே கோப்பில் ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் இருந்தால் பைதான் முறையிடாது. பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கோப்பைத் திறந்து பார்த்தால் இரண்டு டெஸ்ட்டுகள் கண்ணெதிரே இருக்கின்றன. பலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பச்சையாக. 'தமிழ்' சோதிக்கப்படவே இல்லை. பலகம் இங்கே பொய் சொல்லவில்லை, இருந்ததைத்தான் காட்டியது. பைதானில் வகுப்புக்குள் டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு பொறி உண்டு: அந்த வகுப்புக்குத் தொடக்கச் செயற்கூறு ஒன்றை எழுதிவிட்டால், பைடெஸ்ட் முழு வகுப்பையும் ஒதுக்கிவிட்டு ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் அச்சிடும். மஞ்சள் எழுத்தில் வரும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

ஒரு கோப்பின் பாவம் ஊருக்கே வருவதும் உண்டு. நூறு டெஸ்ட் கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் அடைப்புக்குறி மூடப்படவில்லை. பட்டியல் தயாரிக்கும் கட்டத்திலேயே பைடெஸ்ட் பிழையைக் கண்டு, மீதி 99 கோப்புகளையும் ஓட்டாமல் நிறுத்திவிடும். அதன் இயல்பே அப்படி. டெர்மினலில் பார்ப்பவருக்கு எந்தக் கோப்பு, எந்த வரி என்று தெளிவாகத் தெரியும். எடிட்டரில் பார்ப்பவருக்கு ஓட்டும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணமே மிஞ்சும்.

ஜாவா உலகில் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. ஜேயூனிட்டின் ஐந்தாம் பதிப்பு 2017 செப்டம்பரில் வந்தது. பழைய பதிப்போடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட அடியோடு புதுக்கட்டுமானம். ஜாவா மென்பொருள்களைத் தொகுத்துக் கட்டும் மேவன் என்ற கருவி, டெஸ்ட்டுகளை ஓட்டுவதற்கு ஷ்யூர்ஃபயர் என்ற துணைக்கருவியைப் பயன்படுத்துகிறது. ஷ்யூர்ஃபயருக்குப் புதிய ஜேயூனிட்டை நேரடியாகப் புரியவைத்தது 2018இல் வந்த 2.22.0 பதிப்பு. ஆனால் எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுதிவைக்காத பல திட்டங்களில், மேவன் தன்பாட்டுக்கு 2.12.4 என்ற அரதப்பழைய பதிப்பை எடுத்துக்கொண்டது. அதன் கண்ணுக்குப் புதிய டெஸ்ட்டுகள் டெஸ்ட்டுகளாகவே தெரியவில்லை. ஓடிய டெஸ்ட்டுகள் பூஜ்யம், கட்டுமானம் வெற்றி என்று இரண்டையும் ஒரே மூச்சில் அறிவித்தது. எடிட்டரிலோ எல்லாம் பச்சை, ஏனென்றால் எக்லிப்ஸும் இன்டெலிஜே என்ற இன்னொரு ஜாவா எடிட்டரும் மேவனைக் கேட்காமல் தாங்களே டெஸ்ட்டை ஓட்டுபவை. "என் மெஷின்ல ஓடுதே அண்ணா" என்று சின்னவர் சொன்னதும் நிஜம். "சர்வர்ல ஒண்ணுமே ஓடலையே தம்பி" என்று பெரியவர் சொன்னதும் நிஜம்.

இனி மறுபக்கம். டெர்மினலில் டெஸ்ட் ஜம்மென்று ஓடுகிறது, பலகம் மட்டும் காலி. இங்கே சந்தேகப் பட்டியலில் முதலிடம் தவறான பைதானுக்கு. ஒரே கணினியில் மூன்று நான்கு பைதான்கள் இருப்பது இன்று சகஜம். விண்டோஸ் ஸ்டோரிலிருந்து வந்தது ஒன்று, அனகோண்டாவோடு வந்தது ஒன்று, திட்டத்துக்கென்று தனியாக உருவாக்கிய மெய்நிகர் சூழலில் இருப்பது இன்னொன்று. நிரலாளர் டெர்மினலில் மெய்நிகர் சூழலை இயக்கி, அதற்குள் பைடெஸ்ட்டை நிறுவி, அங்கேயே ஓட்டுகிறார். எடிட்டரோ பொதுவான பைதானைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் பைடெஸ்ட்டே கிடையாது.

இது எப்படித் தெரியவரும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பலகம் முழுக்கக் காலியாக இருப்பதாக நினைப்பவர் சற்று உற்றுப் பார்த்தால், பைடெஸ்ட் டிஸ்கவரி எரர் என்று ஒரு வரியும், விவரத்துக்கு அவுட்புட்டைப் பார் என்று ஒரு குறிப்பும் இருக்கும். கீழே அவுட்புட் என்ற தாவலைத் திறந்தால் வலது மூலையில் ஒரு கீழ்விரி பெட்டி. அதில் பைதான் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு எக்ஸ்டென்ஷனின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர்கள் ஏராளம். சரியான பதிவேட்டில், எக்ஸ்டென்ஷன் எந்தப் பைதானை, எந்த ஃபோல்டரில் நின்று, என்ன கட்டளையோடு கூப்பிட்டது என்பது முழு முகவரியோடு எழுதப்பட்டிருக்கும். அதற்குக் கீழே, பைடெஸ்ட் என்ற தொகுப்பு இல்லை என்றோ, நிரலாளரின் சொந்தத் தொகுப்பையே காணவில்லை என்றோ பைதானின் புலம்பல். முகவரியில் திட்டத்தின் பெயர் இல்லாமல் புரோகிராம் ஃபைல்ஸ் என்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது. கட்டளைத் தட்டைத் திறந்து, பைதான் செலக்ட் இன்டர்பிரிட்டர் என்பதைத் தேர்ந்து, மெய்நிகர் சூழலைச் சுட்டிக்காட்டினால் அடுத்த சில நொடிகளில் பட்டியல் வந்து நிற்கும்.

அடுத்த இடம் தவறான ஃபோல்டருக்கு. ஒரு திட்டத்தின் உள்ளே பேக்எண்ட், ஃபிரண்ட்எண்ட் என்று இரண்டு உட்ஃபோல்டர்கள் இருக்கும். டெஸ்ட்டுகள் பேக்எண்டுக்குள் இருக்கும். டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் ஓடும். எடிட்டரில் மேல்மட்ட ஃபோல்டரைத் திறந்திருந்தால், எக்ஸ்டென்ஷன் மேலே நின்றுகொண்டு தேடும். அங்கிருந்து பார்க்கும்போது நிரலில் உள்ள இறக்குமதி முகவரிகள் பொருந்தாமல் போகும். சரியான ஃபோல்டரைத் திறப்பதோ, டெஸ்ட்டுகள் எங்கே என்று செட்டிங்ஸில் சொல்வதோ போதும்.

மற்றவை சில்லறைக் காரணங்கள், ஆனால் ஆளைக் கொல்பவை. 2021 மே பதிப்பிலிருந்து, புதிதாகத் திறக்கும் ஃபோல்டரை நம்பலாமா என்று வி.எஸ். கோட் கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியவருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் எடிட்டர் திறக்கும். அந்நிலையில் யாரோ எழுதிய நிரலை அது ஓட்டாது, டெஸ்ட்டும் யாரோ எழுதிய நிரல்தான். விண்டோஸுக்குள் லினக்ஸ் வைத்து வேலை செய்பவர்கள், மொழி எக்ஸ்டென்ஷனை லினக்ஸ் பக்கத்திலும் நிறுவ வேண்டும். விண்டோஸ் பக்கத்தில் இருப்பது கணக்கில் வராது. டாட்நெட்டில் எக்ஸ்யூனிட் என்ற கருவி கொண்டு டெஸ்ட் எழுதுகிறவர்கள், கருவிக்கும் எடிட்டருக்கும் நடுவே பேசுகிற இணைப்புத் தொகுப்பைத் திட்டத்தில் சேர்க்க மறந்தால், நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும், டெஸ்ட் மட்டும் ஒன்றுகூடத் தென்படாது. எல்லாவற்றிலும் அற்பமானது, பலகத்தின் உச்சியில் இருக்கும் வடிகட்டிப் பெட்டி. தோற்றவற்றை மட்டும் காட்டு என்று முந்தின நாள் யாரோ அதில் தட்டி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் இன்று தேடுகிறவரேதான். இன்று எல்லாம் தேறிவிட்டதால் காட்ட எதுவும் இல்லை. ஒரு முழு மதியத்தை விழுங்கக்கூடிய காலிப் பலகம், உண்மையில் நல்ல சேதி.

மூன்றாவது வகைதான் பிடிபடக் கஷ்டமானது. டெஸ்ட் பட்டியலில் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. முடிவு மட்டும் வழியில் விழுந்துவிடுகிறது. டெஸ்ட் ஓடும் நிரலும் எடிட்டரும் ஒரே இடத்தில் வாழ்பவை அல்ல. இரண்டும் தனித்தனிச் செயலாக்கங்கள். நடுவே ஒரு குழாய், அல்லது ஒரு தற்காலிகக் கோப்பு. டெஸ்ட் நடுவில் நினைவகப் பிழையால் மொத்தமாகச் சாய்ந்தாலோ, சோதிக்கப்படும் நிரலே வெளியேறும் கட்டளையைக் கொடுத்துவிட்டாலோ, முடிவை எழுதி அனுப்ப ஆளில்லை. சுற்றிக்கொண்டிருந்த வட்டம் அப்படியே நின்றுபோகும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே இங்கே ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. விண்டோஸில் பைதான் திரைக்கு நேராக எழுதும்போது யூடிஎஃப்-8 குறிமுறையைப் பயன்படுத்தும், 3.6 பதிப்பு முதல் இந்த ஏற்பாடு. ஆனால் அதே வெளியீட்டை இன்னொரு மென்பொருளுக்குக் குழாய் வழியே அனுப்பும்போது, கணினியின் பழைய எழுத்துப் பக்கத்துக்குத் தாவிவிடும். ஆங்கில அமைப்புள்ள கணினிகளில் அது பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பக்கம். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. எழுத்தெண்ணும் நிரலுக்குள் சரிபார்ப்பதற்காக யாராவது ஒரு தமிழ்ச் சொல்லை அச்சிடும் வரியை விட்டுவைத்திருந்தால், டெர்மினலில் அது அழகாக அச்சாகும். வெளியீட்டைக் குழாயில் வாங்கும் கருவியின் கீழ் ஓடும்போது, இந்த எழுத்தை எனக்கு எழுதத் தெரியாது என்று பைதான் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். நிரலில் பிழையில்லை, டெஸ்ட்டில் பிழையில்லை, அச்சிட்ட வரிதான் பிழை. பைடெஸ்ட் டெஸ்ட்டின் வெளியீட்டைத் தானே யூடிஎஃப்-8இல் பிடித்துக்கொள்வதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. பைதானோடு வரும் யூனிட்டெஸ்ட்டில் எளிதில் மாட்டலாம். பைதான் 3.7 முதல் யூடிஎஃப்-8 நிலையை இயக்க ஒரு சூழல் மாறி உண்டு. அதை ஒன்று என்று வைத்துவிட்டால் குழாயிலும் தமிழ் ஓடும். 3.15 பதிப்பிலிருந்து அந்த நிலையே இயல்பாகிவிடும் என்று தீர்மானமாகியிருக்கிறது.

கோ மொழியில் இதற்கு நேர்மாறான குழப்பம்: ஓடாத டெஸ்ட் ஓடியதாகத் தெரியும். நிரலும் டெஸ்ட்டும் மாறவில்லையென்றால் அது முந்தைய முடிவையே எடுத்துக் காட்டும், பக்கத்தில் சேமிப்பிலிருந்து எடுத்தது என்று ஒரு சொல்லோடு. நேரம் மிச்சம். ஆனால் டெஸ்ட் வெளியே ஒரு தரவுதளத்தைத் தொட்டு, அந்தத் தரவுதளம் இடையில் மாறியிருந்தால், பழைய பச்சைதான் கிடைக்கும். ஒரு தடவை ஓட்டு என்று எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொன்னால் சேமிப்பைத் தொடாமல் புதிதாக ஓட்டும்.

இத்தனைக்கும், ஒன்றும் ஓடாததை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் ஜேயூனிட் பிறப்பதற்குப் பத்து ஆண்டு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. லாரி வால் 1987 டிசம்பரில் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, கூடவே அதற்கான டெஸ்ட்டுகளையும் வைத்திருந்தார். ஒவ்வொரு டெஸ்ட் கோப்பும் வேலையைத் தொடங்கும்முன் ஒரு வரி அச்சிடும்: ஒன்றிலிருந்து இத்தனை வரை. பிறகு ஒவ்வொன்றாக, ஓகே 1, ஓகே 2, நாட் ஓகே 3. கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் எண்ணிக்கையைச் சரிபார்க்கும். நான்கு என்று சொல்லிவிட்டு மூன்றோடு மௌனமானால், மூன்றும் ஓகே என்றிருந்தாலும் அந்தக் கோப்பு தோல்வி. முடிவுகளை அனுப்புவதற்கு முன்னால் எத்தனை வரும் என்ற வாக்குறுதியை அனுப்புகிற இந்த யோசனை, பின்னாளில் டெஸ்ட் எனிதிங் புரோட்டோகால் என்று பெயர் பெற்று வேறு பல மொழிகளுக்கும் பரவியது. இன்றைய பல கருவிகளில் இப்படி ஒரு வாக்குறுதி வரியே இல்லை. விமானத்தில் எழுதியதைவிட எளிமையான, அதைவிடப் பழைய ஏற்பாடு, இந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

மற்றவர்கள் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும்; பூஜ்யம் என்றால் நலம். பைடெஸ்ட்டில் ஒன்று என்றால் சில டெஸ்ட்டுகள் தோற்றன. ஐந்து என்றால் டெஸ்ட் எதுவுமே சிக்கவில்லை. தோற்றதற்கும் சிக்காததற்கும் தனித்தனி எண். ஜெஸ்ட்டும் டெஸ்ட் எதுவும் கிடைக்காவிட்டால் தோல்வி என்றே சொல்லும். பரவாயில்லை, வெற்றி என்று வைத்துக்கொள் என்று தனியாகக் கேட்டால்தான் விடும். பைதானின் யூனிட்டெஸ்ட்டோ நெடுங்காலம், ஓடிய டெஸ்ட்டுகள் பூஜ்யம் என்று ஒரு வரி, அதன் கீழே ஓகே என்று இன்னொரு வரி அச்சிட்டுப் பூஜ்யத்தோடு முடித்துக்கொண்டது. டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர்கள் அதை வெற்றி என்று பதிவு செய்தன. 2023 அக்டோபரில் வந்த பைதான் 3.12இல்தான் இது மாறியது. இப்போது டெஸ்ட் எதுவும் ஓடவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, பைடெஸ்ட்டைப் போலவே ஐந்தை விட்டுச்செல்கிறது. அந்தப் பதிப்புக்கு மாறியபின் சில குழுக்களின் சர்வர்கள் திடீரென்று சிவப்பானால், புதிதாக எதுவும் உடையவில்லை என்று அர்த்தம். பழைய உடைப்பு இப்போதுதான் கண்ணில் படுகிறது.

பலகம் பச்சையாக இருக்கும்போதும் அது உண்மையான பச்சையா என்று சோதிக்க நிரலாளர்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. ஒன்றும் ஒன்றும் மூன்று என்று அடித்துச் சொல்கிற ஒரு டெஸ்ட்டை வேண்டுமென்றே எழுதி ஓட்டுவார்கள். சிவப்பு வந்தால் கைமாற்று முழுவதும் உயிரோடு இருக்கிறது. பச்சையே நீடித்தாலோ, எண்ணிக்கை ஒன்று கூடாமல் இருந்தாலோ, இந்தக் கோப்பு ஓட்டப்படவே இல்லை. முதலில் தோற்கும் டெஸ்ட்டை எழுதி, சிவப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு நிரலை எழுது என்று கென்ட் பெக் பரப்பிய முறையிலும் இந்தச் சரிபார்ப்பு தானாகவே உள்ளடங்கியிருக்கிறது. பார்த்து முடித்ததும் அந்தப் பொய்க் கணக்கை அழித்துவிட வேண்டும். மறந்து பொதுக் களஞ்சியத்துக்கு ஏற்றிவிட்டால் மொத்தக் குழுவுக்கும் சிவப்பு விளக்கு எரியும். யார் ஏற்றியது என்பதை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாறு பெயரோடும் நேரத்தோடும் வைத்திருக்கும்.